வீட்டுக்காரர் மூச்சு விடும் இடம்

மச்சான்,

நாடகப் பெட்டியை மூடுவதற்கு முன் உன் துண்டை எடுத்து மடித்தேன். நீலக் கட்டம் போட்ட துண்டு. குடியிருப்பவன் வேடத்துக்கு நீ தோளில் போட்டுக்கொள்வது. முகத்துக்கு அருகே வந்ததும் தைல வாசனை குப்பென்று அடித்தது. மேடை ஏறுமுன் நெற்றிப் பொட்டில் தடவிக்கொள்வாயே, அந்தப் பச்சைத் தைலம். கண் கலங்கப் பார்த்தது. அதற்குள் புத்தி விழித்துக்கொண்டது. நீ போய் ஒரு தீபாவளி கடந்துவிட்டது. இந்தத் துண்டை என் மனைவி சவர்க்காரம் போட்டு அலசிக் கொடியில் காயப்போட்டதை நானே பார்த்தேன். செத்தவனின் தைலம் சலவையைத் தாண்டி நிற்குமா? நிற்காது. ஆகவே இது வேறொருவன் தடவிய தைலம். அவனுக்கு இந்த வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தவன் நீ. அழுவதற்கு முன் இதை உன்னிடம் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் சந்தேகப் பிராணி என்று நீயே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய். என்ன செய்வது, கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவர் எந்த நொடியில் எதன்மேல் ஏற்றுவார் என்று தெரியாததால் ஒரு கை எப்போதும் ஹேண்ட்பிரேக்கிலேயே இருக்கும். அந்தக் கை வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியேதான் இருக்கிறது என்று என் மனைவி சொல்கிறாள். இந்த மடலையும் உனக்கு முன்னால் வேறு யாராவது பிரித்துப் படிப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நம் ஜொகூர் பாருவின் நாடக சீசன் எப்படிப்பட்டது? ஆண்டுக்கு ஒருமுறை, அதே மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில். நாம் ஒரு குழு. குளுவாங், பெக்கோக், கோத்தா திங்கி என்று வெளியூர்க் குழுக்கள் மூன்று. முதல் சுற்று ஒருமுறை, இரண்டாம் சுற்று ஒருமுறை. மூன்று மணி நாடகம் என்று சுவரொட்டியில் போட்டிருக்கும். ஆனால் சிங்கப்பூரில் வேலை முடிந்து வருகிறவர்கள் எல்லைப் பாலத்து நெரிசலைக் கடந்து வந்து உட்கார்ந்த பிறகுதான் திரை விலகும்.

அந்தக் காத்திருப்பு நேரம் முழுவதும் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவதற்கே ஒதுக்கப்பட்டது. பெக்கோக் குழு தன் நடிகர்களைவிடத் தன் சொந்தக்காரர்களை நன்றாகப் பயிற்றுவிக்கும். பேருந்து பிடித்து வந்து சரியான இடத்தில் கைதட்டுவார்கள். கோத்தா திங்கி குழுவுக்கு ஒவ்வொரு ஆண்டும் உடைப்பெட்டி வெள்ளத்தில் போய்விடும்; வெள்ளமே வராத ஆண்டிலும் போய்விடும். குளுவாங் குழு அழவைக்கிற குழு. அவர்கள் நம்மைப் பார்த்து நல்லா பண்றீங்கண்ணே என்று சொன்னால் அன்றைக்கு நமக்கு ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று பொருள்.

நம்முடையது வீட்டுக்காரர் நாடகம். ஒவ்வொரு சீசனுக்கும் அதேதான். தண்ணீர்க் கட்டணமும் அரசியல் கேலியும் மட்டும் மாறும். எழுதியவன் நான். வீட்டுக்காரராக நடித்தவனும் நான். குடியிருப்பவன் நீ. வீட்டைக் காலி செய்ய வைப்பதற்காக வீட்டுக்காரர் ஒன்றன்பின் ஒன்றாகக் குற்றம் சாட்டுவார், குடியிருப்பவன் ஒவ்வொன்றிலிருந்தும் நழுவிவிடுவான். எழுதியது அவ்வளவுதான். ஆனால் மேடையில் நீ நான் எழுதாததையெல்லாம் பேசினாய்.

கூரை ஒழுகியதற்குக் கொடுத்த வாளியை வீட்டுக்காரர் திருப்பிக் கேட்கிற இடம் நினைவிருக்கிறதா? அந்த இடம் நெருங்கும்போது நான் ஒரு நிறுத்தம் விடுவேன். நீ துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, முதலாளியைக் கூப்பிடும் குரலில், "தவுக்கே, அந்த வாளிய பத்தி இன்னும் கேக்கல. கேட்டுட்டீங்கன்னா நான் நிம்மதியா சாப்பிட போயிடுவேன்" என்பாய். மண்டபம் வெடிக்கும். தானாக முன்வந்து திட்டு வாங்கிக்கொள்கிற குடியிருப்பவன்! இப்படி நாடகம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக.

எனக்கு உள்ளே எரியும். நான் எழுதிய நாடகத்தில், நான் விட்ட நிறுத்தத்தில், உனக்குச் சிரிப்பு. அதைவிடக் கொடுமை பூனை. கடைசிக் காட்சியில் வீட்டுக்காரர் மார்பை நிமிர்த்தி, "இந்த வீட்டுல நான் யாரு?" என்று கேட்டு, ஒரு மூச்சு விட்டு, "வீட்டுக்காரன்!" என்று முழங்க வேண்டும். நாடகத்தின் உச்சம். நான் மூச்சு விடுகிற அந்த இடைவெளியில் நீ மெதுவாக, யாருக்கும் தொந்தரவு கொடுக்காதவன் போல, "பூனையும் காலையில இதையேதான் கேட்டுச்சு, தவுக்கே" என்றாய். அதன்பிறகு நான் முழங்கியது முதல் வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை.

திரை விழுந்ததும் பூனை எங்கேயிருந்துடா வந்தது என்று உன்னைச் சுவரோடு நிறுத்திக் கேட்டேன். "வாயில வந்துச்சு லா" என்றாய். அடுத்த ஆண்டும் வந்தது. அதற்கடுத்த ஆண்டும்.

இதில் வெளியே சொல்ல முடியாத அவமானம் ஒன்று உண்டு. பார்த்தவர்களெல்லாம் வந்து என்னைப் பாராட்டினார்கள். திட்டு வாங்க முன்வரும் அந்தக் குடியிருப்பவனை எப்படி சார் யோசித்தீர்கள் என்று கேட்டார்கள். நான் புன்னகைத்தேன். வீட்டுக்காரரின் நிறுத்தங்கள் பற்றி ஒரு ஆசிரியை உருகி உருகிப் பேசினார். அதன்பேரில் ஒரு பள்ளியில் 'மேடையில் மௌனம்' என்று எனக்கு ஓர் உரை ஏற்பாடானது. போனேன், பேசினேன், பழக்கூடை வாங்கினேன். கூடவே வந்திருந்த நீ கடைசி வரிசையில் உட்கார்ந்து கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாய். இருமல் என்றாய்.

நான் வசனத்தை மனப்பாடம் செய்ததேயில்லை. எழுதியவனே நான், எனக்கு எதற்கு மனப்பாடம் என்பது என் கொள்கை. ஒத்திகையிலும் தாள் கையிலேயே இருக்கும். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது எனக்கு முன்பே உனக்குத் தெரியும்.

பிறகு உன் வியாழக்கிழமைகள் வந்தன.

குளுவாங்கிலிருந்து ஒரு பெண் என்னிடம் கார் பழக வந்தாள். சாலையைப் பார்த்து ஓட்டாமல் என்னைப் பார்த்து, உங்க நாடகத்துல வர்ற துண்டு போட்ட மாமாவை எங்க ஊர் மார்க்கெட்டுல அடிக்கடி பாக்குறோமே சார், வியாழக்கிழமைன்னா வந்துடுவாரே, காய்கறிக்கடை குணாவோட பேசிக்கிட்டு இருப்பாரே என்றாள். என் கை ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டது. குணா யார் என்று எனக்கா தெரியாது? குளுவாங் குழுவின் தூண். அழவைக்கிறவர்களில் முதல் ஆள்.

சிங்கப்பூர் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்த உனக்கு வியாழன்தான் விடுமுறை. அந்த ஒரு நாளையும் தூங்கித் தீர்க்காமல் ரயில் ஏறிக் குளுவாங் எதற்குப் போகிறாய் என்று கேட்டேன். பல் டாக்டர் என்றாய். மச்சான், உன் வாயில் ஒரு சொந்தப் பல் கிடையாது. மேலும் கீழும் பல்செட்டு. இரவில் கண்ணாடி டம்ளரில் போட்டு வைக்கிற பல்லுக்கு வாராவாரம் என்ன வைத்தியம்? இதை நான் கேட்டதும் நீ அந்த முழுப் பல்செட்டையும் காட்டிச் சிரித்தாய்.

அடுத்த வியாழக்கிழமை உன்னைப் பின்தொடர்ந்தேன். வேறு கார் ஏது? கூரையில் ஓட்டுநர் பள்ளிப் பலகை, முன்னும் பின்னும் சிவப்பில் எல் தகடு, ஓட்டுவது பரீட்சையில் தோற்ற ஒரு பெரியம்மா. நீ மோட்டார்சைக்கிளில் ரயில் நிலையத்துக்குப் போனாய். நாங்கள் ஆமையாகப் பின்னால் வந்தோம். சமிக்ஞை விளக்கில் நீ நின்றாய். எங்களுக்கும் உனக்கும் நடுவில் ஒரு ஐஸ்கிரீம் வண்டி மட்டும்தான். நீ திரும்பிப் பார்த்துக் கையசைத்தாய். யாரோ ஒங்களுக்கு தெரிஞ்சவங்க போல தம்பி என்று பெரியம்மா ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து வணக்கம் வைத்தார். மறுநாள் ஒத்திகையில் என் காதருகே வந்து, "அடுத்த தடவ போர்ட கழட்டிட்டு வா மச்சான்" என்றாய். குளுவாங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சந்தேகம் உறுதியாகிவிட்டது. நீ குளுவாங் குழுவுக்குத் தாவப்போகிறாய். வீட்டுக்காரர் தனியாக நின்று யாரைத் திட்டுவது? நீ இல்லாவிட்டால் அந்த நாடகம் இல்லை. அந்த நாடகம் இல்லாவிட்டால் என்னிடம் ஒரு எல் தகடும் பலகையும்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் தாவலைப் பற்றி மட்டும் குழு முழுக்கச் சொன்னேன்.

நீ தாவவில்லை. அந்த சீசனை முடித்துக் கொடுத்தாய், பூனை உட்பட. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் வேலைக்குப் போக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காலணி போட நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஹெல்மெட்டோடு இருந்தாய் என்று உன் மனைவி, நம் அண்ணி, சொன்னபோது கூட எனக்கு ஒரு கணம், இவன் விளையாடுகிறான் என்றுதான் தோன்றியது.

உன் வீட்டுக்குக் குணா வந்திருந்தான். பாடை மூங்கிலும் மாலையுமாக ஆட்கள் நிறைந்திருந்த கூடத்தில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். அழவைக்கிற குழுவில் இருப்பவனுக்கு அழத் தெரியும், அது வேறு. ஆனால் போட்டிக் குழுக்காரன் என்னைவிட அதிகமாக அழுவதற்கு என்ன உரிமை? நானும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினேன். என் மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள்.

இந்த ஆண்டு சீசன் வந்தது. நாம் கலந்துகொள்ளப் போவதில்லை என்று எழுதிக் கொடுக்கப்போன நாள் குணா அழைத்தான். அண்ணே, குடியிருக்கறவனா நான் வரட்டுமா என்றான். தன் குழுவை விட்டுவிட்டு, தானாக முன்வந்து. யார் நம்புவார்கள்? குளுவாங்காரர்கள் நம்மை உள்ளிருந்தே கவிழ்க்க ஆள் அனுப்புகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வா என்றேன். கவிழ்வதற்கும் ஒரு மேடை வேண்டுமே. முதல் ஒத்திகையிலேயே உன் வசனம் முழுவதும் அவன் வாயில் இருந்தது. தாளைக் கேட்கவேயில்லை. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நான்தான் நின்றேன்.

முதல் சுற்று நாடகத்தன்று திரைக்குப் பின்னால் தைல வாசனை. திரும்பிப் பார்த்தால் அவன் நெற்றியில் தேய்த்துக்கொண்டிருக்கிறான். தலைவலியா என்றேன். இல்லண்ணே, சும்மா என்றான். மேடை ஏறினோம். வாளி இடம் வந்தது. நான் நிறுத்தம் விட்டேன். குணா துண்டைத் தோள் மாற்றினான். நீ இழுக்கிற அதே இழுவையில், நீ தாழ்த்துகிற இடத்தில் தாழ்த்தி, வாளிப் பேச்சை எடுத்தான். மண்டபம் வெடித்தது. அப்புறம் கதவுப் பூட்டு, அப்புறம் மாடிப்படிச் செருப்பு, கடைசியில் பூனையும். நீ திருடிய சிரிப்பையெல்லாம் கொண்டுபோய்க் குளுவாங்கில் ஒளித்து வைத்திருக்கிறாய், இப்போது அவன் எடுத்துச் செலவழிக்கிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒப்பனையைத் துடைக்காமலேயே அவனை மண்டபத்துக்குப் பின்னாலிருந்த தேநீர் ஸ்டாலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வெயில் இன்னும் சாயவில்லை. பால் சேர்க்காத தே ஓ இரண்டு வந்தது.

"நேரா கேக்குறேன் குணா. அந்த வாளி வசனத்த அவன் எப்ப உனக்கு குடுத்தான்?"

"அது அவரு வசனம் இல்லண்ணே. உங்க வசனம்."

நாடகத்தை எழுதியவன் நான், எனக்கே சொல்கிறாயா என்றேன். அவன் கரண்டியால் கலக்கிக்கொண்டே, வாளியை வீட்டுக்காரர் கேட்பதாக நான் எழுதியிருந்த வரிகளை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னான். எழுதியிருக்கிறேன்தான். நன்றாகவும் எழுதியிருக்கிறேன்.

"இத நீங்க மேடையில சொல்லல. அதான் ஞாபகப்படுத்துனேன்."

"நான் நிறுத்தம் விட்டேன்."

மருத்துவமனையில் டாக்டர் உறவுக்காரர்களைப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தான். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அது நிறுத்தம் இல்ல லா."

மச்சான், மேடையில் மௌனம் பற்றி உரையாற்றியவன் ஸ்டாலில் மௌனமாக உட்கார்ந்திருந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

பிறகு எல்லாம் சொன்னான். வியாழக்கிழமைகளில் மார்க்கெட் கடையைக் கட்டிய பிறகு, பின்பக்கம் கூடைகளை ஒதுக்கிவிட்டு ஒத்திகை பார்த்திருக்கிறீர்கள். உன் வேடத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாயா என்று கேட்டேன். இல்லையாம். உன் வசனத்தை அவனே வீட்டில் படித்துக்கொண்டானாம்.

"அங்க உங்க பார்ட்டதாண்ணே பாப்போம். அவரு நீங்களா நடிப்பாரு. கைய பின்னால கட்டிக்கிட்டு, மோவாய தூக்கிக்கிட்டு. கோழிக்கடைக்காரங்க எல்லாம் கத்திய வெச்சிட்டு வந்து பாப்பாங்க. அப்ப உங்கள பத்தி சொல்லுவாரு, 'இவன் மேல ஃபேன பாத்தான்னா வரிய விட்டுட்டான்னு அர்த்தம். தரைய பாத்தா தேடிக்கிட்டு இருக்கான், விடு, கெடச்சிடும். நம்மள பாத்தா...'"

அங்கே நிறுத்திவிட்டான்.

"நம்மள பாத்தா?"

"'நம்மள பாத்தா பயந்துட்டான். உடனே துண்ட மாத்தி பேசிடு'ன்னாரு."

தைலமும் அப்படித்தான். அந்த வாசனை பக்கத்தில் இருந்தால் எனக்கு மேடை பயம் குறையும் என்று சொல்லிக்கொடுத்தாயாம். எனக்கு மேடை பயம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். குளுவாங் மார்க்கெட்டின் கோழிக்கடைகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

நான் கடைசியாக ஒரு துரும்பைப் பிடித்தேன். "அப்ப பூனை? அதையும் நான்தான் மறந்தேனா?"

குணாவின் முகம் மலர்ந்தது. "இல்லண்ணே. அது சுத்தமான திருட்டு. அந்த இடத்துல நீங்க மறக்கவே மாட்டீங்களாம். 'அவன் மூச்சு விடுவான் பாரு, அந்த சந்துல பூந்துடணும்'னு சொன்னாரு."

அப்பாடா! உன்னை நான் அத்தனை ஆண்டு வீணாகச் சந்தேகப்படவில்லை. அந்த நிமிடம் எனக்குக் கிடைத்த நிம்மதியைச் சொல்லி முடியாது. இன்னொரு தே ஓ சொன்னேன்.

ஆனால் நிம்மதி நிலைக்கவிடுவேனா? இவ்வளவையும் எதற்காக அவனுக்கு ஏற்பாடு செய்தாய்? நீ எங்கேயோ போகப்போகிறவன் போல. குணாவிடம் நீ சொன்ன காரணம், கோத்தா திங்கியில் மகள் வீட்டோடு போய்விடப் போகிறாய் என்பது. மறுநாள் காலையே அண்ணியைப் பார்க்கப் போனேன். மகள் வீட்டுத் திட்டத்தைக் கேட்டதும் அண்ணி பாதி சிரித்தார். மகள் வீட்டில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் இருந்தால் உனக்கு மூச்சு முட்டிவிடும், அங்கே நிரந்தரமாகப் போவதாவது என்றார். குளுவாங் போனது தெரியுமா என்றேன். பல் டாக்டர் என்று அவரிடமும் சொல்லியிருக்கிறாய். அந்தப் பல்செட்டைத் தினமும் கழுவி வைத்தவர் அவர், நம்பியதுபோல் நடித்திருக்கிறார். நம் குழுவில் சேர்த்திருக்க வேண்டியவர்.

அண்ணியே சொன்னார். நீ சில தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். காற்று அடைச்சிருக்கு என்று சொல்லி மோர் குடித்தாயாம். டாக்டரிடம் போனாயா என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பிறகு அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இத்தன மாசமா நீங்க மறைக்கறீங்கன்னு நெனச்சேன்."

நானோ அவர் மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். உன் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

திரும்பி வரும் வழியில் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி யாரும் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டாம். இந்த வயதில் முதன்முறையாக என் நாடகத்தை நான் மனப்பாடம் செய்யத் தொடங்கினேன். பக்கத்தில் மாணவர்கள் கார் ஓட்ட, நான் முணுமுணுப்பேன். வீட்டை எப்ப காலி பண்ற என்று நான் சொல்லிப் பார்த்ததில் ஒரு பையன் மிரண்டு, சார் நான் வாடகை வீட்டுல இல்ல, சொந்த வீடு என்றான். அந்தப் பெரியம்மா மட்டும் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார். கேட்டுக் கேட்டு அவருக்குப் பாடமாகியிருந்தது.

இரண்டாம் சுற்று ஞாயிறு. பாலத்துக் கூட்டம் வந்து உட்கார்ந்தது. திரை விலகியது. நான் ஒரு வரியும் மறக்கவில்லை. ஃபேனைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. பூட்டைக் கேட்டேன், செருப்பைக் கேட்டேன், எல்லாம் எழுதியது எழுதியபடி. மண்டபம் பரீட்சை எழுதுகிற அறை மாதிரி அமைதியாக இருந்தது. முன்வரிசையில் ஓர் அம்மா கைப்பேசியை எடுத்துவிட்டார். பெக்கோக் குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குணா எதிரில் நின்றான், துண்டு ஒரே தோளில். செய்வதற்கு அவனுக்கு ஒன்றுமில்லை. திட்டுகளை வாங்கிக்கொண்டு தலையாட்டுவதைத் தவிர.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, மச்சான். நான் மறந்து விட்ட அந்த ஓட்டைகளில்தான் நீ குடியிருந்தாய். நாடகத்தில் வீட்டுக்காரரால் கடைசிவரை முடியாததை நான் மனப்பாடம் செய்து முடித்துவிட்டேன். உன்னைக் காலி பண்ணிவிட்டேன்.

கடைசிக் காட்சி. மார்பை நிமிர்த்தினேன். "இந்த வீட்டுல நான் யாரு?" என்றேன்.

மூச்சு விட்டேன். எழுதியபடி அதற்கு ஒரு நொடி போதும். நான் விட்டுக்கொண்டே நின்றேன். வீட்டுக்காரனே கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திருடன் வருகிறானா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். குணா வரவில்லை. அன்று முழுக்க நான் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்ததால், இதையும் நானே சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தான் போலும். எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. அவன் இந்தத் தடவை வராவிட்டால் நீ இனி எந்தத் தடவையும் வரப்போவதில்லை. நான் ஃபேனைப் பார்க்கவில்லை. தரையையும் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தேன்.

அவன் துண்டைத் தோள் மாற்றினான்.

"பூனையும் காலையில இதையேதான் கேட்டுச்சு, தவுக்கே."

அந்தச் சிரிப்பை உனக்கு எப்படி எழுதிக்காட்டுவது? அதுவரை அடைத்து வைத்திருந்ததெல்லாம் சேர்த்து வெடித்தது. நான் வீட்டுக்காரன் என்று முழங்கியது எனக்கே கேட்கவில்லை. முன்வரிசை அம்மாவின் கைப்பேசி கீழே விழுந்தது. அதற்குப் பிறகும் திரை விழச் சில நிமிடங்கள் இருந்தன. வாளி இன்னும் பாக்கி இருந்தது; முன்னால் வரவேண்டிய இடத்தில் அதை மட்டும் ஏனோ நான் தள்ளிப்போட்டிருந்தேன். கேட்காமலேயே வெளியே போவதுபோல் திரும்பினேன். பின்னாலிருந்து குணா கூப்பிட்டான், வாளியைக் கேட்டுவிடுங்கள், நிம்மதியாகச் சாப்பிடப் போக வேண்டும் என்று.

நீ தெரிந்துகொண்டு போனாயா, தெரியாமல் போனாயா என்று இனி நான் யாரையும் விசாரிக்கப்போவதில்லை. தெரிந்திருந்தது என்றால் என்னிடம் சொல்லாததற்கு உன்னை மன்னிக்க மாட்டேன். தெரியாது என்றால், சாவதற்கு முன்பே என்னைக் குணாவிடம் ஒப்படைக்கிற அளவுக்கு நான் உனக்கு அலுத்துப் போயிருந்தேனா என்று கேட்க வேண்டியிருக்கும். இரண்டில் எதுவானாலும் உன்னோடு ஒரு சண்டை பாக்கி நிற்கிறது. அதைத் தீர்த்துவிட்டால் உன்னோடு பேச எனக்கு வேறு என்ன இருக்கிறது?

வாளி வரிகள் இப்போது எனக்குத் தலைகீழாகத் தெரியும். காரில் யாரும் இல்லாதபோது உரக்கச் சொல்லிப் பார்க்கிறேன், ஒரு எழுத்துப் பிசகுவதில்லை. மேடையில் மட்டும் சொல்லமாட்டேன்.